மோட்டர் ஓடியது

என் வீட்டுக்காரர் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். ஊரில் இதைப் புகழ்ச்சியாகச் சொல்வார்கள். கேட்டவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் கூட்டி அள்ளுவது நான். முப்பத்தைந்து வருடமாக அள்ளுகிறேன். எனக்கு அது புகழ்ச்சியாகக் கேட்பதில்லை.

மாத்தளை டவுனில் அவர் மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தார். நாவுலையிலிருந்து செத்தல் மிளகாய் வரும், வஹகோட்டைப் பக்கமிருந்து மிளகு வரும். அரைத்ததில் ஒரு பங்கு சாக்குக்குள் போனால் இன்னொரு பங்கு இவர் மூக்குக்குள் போனது. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் தைத்துக் கொடுத்த துணிகளை எல்லாம் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நுரையீரல் கெட்டதற்கு மில் தூசுதான் காரணம் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. நான் இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், எனக்கு எழுதித் தரத் தேவையில்லை.

இப்போது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஒக்சிஜன் மெஷின் நிற்கிறது. அறைக் காற்றை இழுத்து, ஒக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது இல்லாமல் முக்கால் மணி நேரம் சமாளிப்பார். அதற்கு மேல் உதடு நீலம் பாரிக்கும். கரன்ட் போனால் மெஷின் கூவும். அந்தக் கூவலுக்கு நான் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு ஓடி வருவேன். அவரோ, "பதறாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்வார்.

மில்லை விற்ற காசு கைக்கு வந்தபோது எனக்கு வேண்டியிருந்தது கூரையில் சோலார், அதோடு ஒரு பற்றரி. அவருக்கு வேண்டியிருந்தது கார். இரண்டு கிழமை வாதாடினோம். கடைசியில் ஒரு ஹைபிரிட் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, கரன்ட்டும் கார்லயே இருக்கிறதே, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார். பெட்ரோலிலும் ஓடும், உள்ளே பெரிய பற்றரியும் உண்டு, பின்பக்கத்தில் வீட்டுச் சுவரில் இருப்பதைப் போல ஒரு பிளக் பொயின்ட்டும் இருந்தது. விற்றவர் அதில் போனைக் குத்திச் சார்ஜ் ஏறுவதைக் காட்டினார். இவருக்கு அது போதும்.

ஜப்பானில் ஓடிப் பழசான கார். திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று மாத்தளையில் ஒருவருக்கும் தெரியாது. இவர் ஒவ்வொரு முறையும் அவளுக்கு "சரி சரி" என்று பதில் சொல்வார். என் பேச்சுக்கு ஒருநாளும் சரி சொல்லாதவர்.

போன வருடக் கடைசியில் வந்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் இலேசில் மறக்கமாட்டார்கள். மூன்று நாள் விடாமல் பெய்து, மலை சரிந்து ரோட்டில் விழுந்தது. மரம் கம்பத்தில் விழுந்தது. கம்பம் அடுத்த கம்பத்தை இழுத்துக்கொண்டு விழுந்தது. விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு எழும்பும் நேரத்தில் கரன்ட் போனது. மெஷின் கூவத் தொடங்கியது.

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான். நான்கு வருடம் காத்திருந்த நாள் வந்துவிட்டது. காரை வாசலில் பின்பக்கமாக நிறுத்தச் சொன்னார். புகை வீட்டுக்குள் வராதபடி கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். ஜன்னல் வழியாக நீள வயரை இழுத்து மெஷினைக் குத்தினேன். மெஷின் ஒருமுறை முனகியது, நின்றது, பிறகு முன்னை விடச் சத்தமாகக் கூவியது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளக் பொயின்ட்டுக்குக் கிட்டே குனிந்து பார்த்தேன். ஜப்பான் எழுத்துகளுக்கு நடுவே யாரும் வாசிக்கக்கூடிய ஒரு எண் இருந்தது. நூறு வோல்ட். நம் நாட்டுக் கரன்ட் இருநூற்று முப்பது. போன் சார்ஜருக்கு இரண்டும் ஒத்துப்போகும், ஒக்சிஜன் மெஷினுக்கு ஒத்துப்போகாது. நான்கு வருடமாக அந்த எண் அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் மில்காரர், பார்க்கவில்லை என்றால் மன்னிக்கலாம். பிள்ளைகளுக்கு வோல்ட்டும் அம்பியரும் படிப்பித்த நான், சோலார் வாங்காத கோபத்தில் அந்தக் காரின் பின்பக்கத்தை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. கோபம் என் கண்ணை மறைத்ததற்கு வேறு யாரைத் திட்டுவது?

அவரை ஒக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். அது மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிக்கென்று வைத்திருந்தது. அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் தண்ணீர் நின்றது. போய்ச் சேர்ந்தாலும் கட்டில் கிடைக்காது, வீட்டில் மெஷின் உள்ளவர்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னார்கள். பிறகு போனும் செத்துவிட்டது.

அப்போதுதான் அந்த இரும்புக் கட்டி ஞாபகம் வந்தது.

பல வருடங்களுக்கு முன் இவர் ஜப்பான் பழைய சாமான் கடை ஒன்றில் உடுப்புக் கழுவும் மெஷின் வாங்கி வந்தார். அதுவும் நூறு வோல்ட். ஆகவே கூடவே ஒரு ட்ரான்ஸ்போமர் கொடுத்தார்கள். நம் கரன்ட்டைக் குறைத்து அந்த மெஷினுக்குக் கொடுப்பதற்கு. கைக்குழந்தையின் பாரம். மெஷின் செத்து வருடங்கள் ஆகியும் ட்ரான்ஸ்போமர் சமையலறை மூலையில் கிடந்து என் கால் பெருவிரலை இடித்துக்கொண்டே இருந்தது. போன நோன்புக்கு வீடு கழுவும்போது, கேட்டுக்கு முட்டுக் கொடுக்கப் பாரமான சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கீழ்வீட்டு ராத்தா, என்னை விட மூத்தவர், கேட்டார். தூக்கிக் கொடுத்துவிட்டேன். இல்லை என்று சொல்லாதவரின் மனைவி தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைச் சந்தோஷமாகக் கொடுத்தாள், அது இது.

குறைக்கும் ட்ரான்ஸ்போமரைத் திருப்பிப் போட்டால் கூட்டும். கரும்பலகையில் எத்தனை முறை வரைந்த படம். குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி ஓடினேன்.

கீழ்வீட்டு ராத்தாவுக்கும் எனக்கும் பெரிய அன்பு என்று சொல்ல முடியாது. அவருக்கு வாய் கூட, எனக்கும் குறைவில்லை. நோன்புக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினால், டீச்சரின் கஞ்சியில் கணக்குப் பார்த்துத்தான் இறைச்சி விழும் என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பி அனுப்புவார். ட்ரான்ஸ்போமர் மழையில் ஊறிக்கொண்டு கேட்டடியில் கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குடுத்த சாமானத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான் டீச்சர்."

சொல்லிவிட்டு அதைத் தன் தலைத் துவாயாலேயே துடைத்தார். ஈரத்தோடு குத்தினால் வெடிக்கும் என்று நான் சொன்னேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து விறகை நிறையப் போட்டு, திருப்பித் திருப்பிக் காய வைத்தார். இரண்டு மணி நேரம். மேலே சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டிருப்பதை நினைத்து நான் நிலைகொள்ளாமல் நடந்தேன். காய்ந்ததும் பொலித்தீனில் சுற்றி, நான் கையை நீட்டுவதற்குள் அவரே தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. சீக்கிரம் ஏறினால் என்ன என்றுதான் நினைத்தேன்.

குத்தியதும் ட்ரான்ஸ்போமர் உறுமியது. மெஷினில் பச்சை லைட் வந்தது. இவர் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்து, "நான் செல்லல்லியா, கார்ல கரன்ட் இரிக்கின்டு?" என்றார். ராத்தா சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வயரைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது.

அடுத்த நாள் காலையில் வாசலில் செருப்புகள். முந்தின ராத்திரி ஒழுங்கை முழுவதும் இருட்டு, எங்கள் ஜன்னலில் மட்டும் ஒரு பல்ப். மறைக்கவா முடியும்? மறைக்கும் எண்ணம் இவருக்கு இருக்கவுமில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டார். போன்கள் வந்தன. ஒரே வயரில் பன்னிரண்டு போன். அதோடு நிற்குமா? ஒருத்தி சம்பல் அரைக்க ப்ளெண்டரைக் கொண்டுவந்தாள். இன்னொருவர் வேலைக்குப் போகச் சட்டை அயர்ன் பண்ண வேண்டும் என்றார். ரோடே இல்லாத ஊரில் எந்த வேலைக்கு என்று நான் கேட்டேன். ஓபீஸ் திறந்தால் போகவேண்டி வரும்தானே என்றார். அயர்ன் வேண்டாம், கார் தாங்காது என்று சொன்னேன். "ஓடும், ஓடும்" என்று இவர் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினார். குத்தினார்கள். காரின் பிளக் பொயின்ட் செத்தது. உள்ளே மெஷின் கூவியது. காரை முழுவதும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஜப்பான்காரி தன் வணக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை எதுவும் நடக்காது. நான் காருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓடினேன். சட்டைக்காரர் பாதி மடிப்போடு போனார்.

ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மழைக்கு முந்தின கிழமை இவர் காரை ஒரு கலியாண வீட்டுக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் மரியாதைக்கு டாங்க் நிறைய பெட்ரோல் அடித்துத் திருப்பித் தந்திருந்தார்கள். பெட்ரோல் காட்டும் திரையில் பத்துக் கோடு. பற்றரி இறங்கியதும் என்ஜின் தானாக எழும்பி ஓடும், ஏறியதும் தூங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்ஜின் எழும்பும் சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் கேட்டது. டவுன் ஷெட்டில் பெட்ரோல் முடிந்துவிட்டது, ரோடு திறந்தால்தான் பௌசர் வரும். இந்தப் பெட்ரோல்தான் அவருக்கு மூச்சு. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அதற்கும் இதே பெட்ரோல்தான். இதை அவரிடம் சொன்னால், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பார். அல்லாஹ் பார்த்துக்கொள்வான், கோடு எண்ணுவது யார்?

நான் சட்டம் போட்டேன். பகலில் இரண்டு மணி நேரம் மெஷின், முக்கால் மணி நேரம் ஓய்வு. போனுக்குப் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம். ப்ளெண்டர், அயர்ன், ரைஸ் குக்கர் எதுவும் இல்லை. இரண்டு கோட்டுக்கு வந்தால் போனும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஓடாது, ஓடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. டீச்சர் எதற்கும் ஓடாது என்றுதான் சொல்வார், அவர் வீட்டு ஹாஜியாரைக் கேட்டால் ஓடும் என்று ஒழுங்கையில் பேச்சு. என் காதில் விழும்படிதான் பேசினார்கள். எங்கள் ஒழுங்கையில் யார் வாயிலும் எதுவும் நிற்காது. யார் வீட்டில் என்ன கறி என்பது ஆணம் கொதிக்கும் முன்பே அடுத்த முனைக்குத் தெரியும்.

ஆறாம் நாள் திரையில் இரண்டு கோடு. மழை நின்று வெயில் வந்துவிட்டது. பகல் லுஹர் தொழுகை நேரத்துக்கு முன், பாங்கு சொல்லும் மோதினார் வந்தார். பள்ளியில் ஸ்பீக்கர் இல்லாததால் வீடு வீடாக நடந்து சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கீழ்வீட்டு ராத்தா மவுத். காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

மேட்டில் மூன்று இடத்தில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. 

மோதினாருக்குப் பின்னால் ராத்தாவின் புருஷன் நின்றார். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. மோதினார்தான் பேசினார். மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். பைப்பில் ஆறு நாளாகத் தண்ணீர் இல்லை, ஆறு செம்மண்ணாக ஓடுகிறது. மலை ஊற்றுப் பீலித் தண்ணீரைச் சுமந்து வருவதென்றால் அரை மைல், அஸருக்குள் அடக்க முடியாது. அவர்கள் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதற்குக் கொங்கிரீட் மூடி போட்டு மோட்டர் பூட்டியாயிற்று. காரையும் அந்த ட்ரான்ஸ்போமரையும் கொஞ்ச நேரத்துக்குத் தந்தால் மோட்டரைப் போட்டு டாங்கை நிரப்பிவிடலாம்.

என்ன மோட்டர் என்று கேட்டேன். ஒரு குதிரைவலு என்றார்கள். அந்த மோட்டர் ஓடும்போது காருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் எழும்பும் அந்த ஒரு கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அயர்னுக்கே விழுந்த கார். கேள்வியே இல்லை.

"அது ஓடாது மோதினார்," என்றேன். "மோட்டர் எழும்பக்குள்ள மிச்சம் கரன்ட் இழுக்கும். கார் அவ்வளவு தராது."

 மோதினார் தொப்பியைச் சரி செய்தார். ராத்தாவின் புருஷன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னது அச்சு அசலான உண்மை. ஆனால் அதே சொல்லைத்தான் ஆறு நாளாக ப்ளெண்டருக்கும் அயர்னுக்கும் சொல்லியிருந்தேன். மய்யித்துக்கும் இல்லை என்று சொன்ன பொம்பளையாக அங்கே நின்றேன். இரண்டு கோடு பெட்ரோலை நினைத்துத்தான் சொன்னாயா என்று என் மனதே என்னைக் கேட்டது. 

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். இவர் மெஷினை நிறுத்தி, குழாயைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்திருந்தார்.

"கொண்டு போங்க," என்றார். "எனக்கு சிலிண்டர் இரிக்கிதானே. அவதானே அன்னைக்கி இதச் சொமந்துக்கிட்டு வந்த."

சிலிண்டரில் மிஞ்சியிருந்தது ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட. அவரைத் திரும்பக் கட்டிலில் உட்கார வைத்து, சிலிண்டரைத் திறந்து, குழாயை மாட்டி, அசையக்கூடாது என்று மிரட்டினேன். ஓடாது என்று அவர் காதுக்குள் இன்னொரு முறை சொன்னேன். "ஓடும், போங்க," என்றார். இப்படியொரு மனிதரோடு என்ன செய்வது?

ட்ரான்ஸ்போமரை மோதினார் தூக்கினார். நான் காரைப் பின்பக்கமாகவே ஒழுங்கையில் இறக்கிக் கிணற்றடியில் நிறுத்தினேன். வாசல் நிறையச் சனம். பெண்கள் பக்கமிருந்து அழுகைச் சத்தம். ஸ்விட்சைப் போட்டார்கள். மோட்டர் ஒரு இடி இடித்து நின்றது. பிளக் பொயின்ட் செத்தது. காரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். அந்த மரண வீட்டு வாசலில் ஜப்பான்காரி தன் வணக்கத்தைச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். மறுபடி ஸ்விட்ச், மறுபடி ஒரு இடி. மூன்றாம் முறையும் அதுதான்.

டீச்சர் சரியாகக் குத்தவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மய்யித்து வீட்டில் பேசக்கூடாததைப் பேசியிருப்பேன். இருபது நிமிடம் போய்விட்டது. மேலே ஒருவர் தன் மூச்சைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார், கீழே அது ஒரு இரும்பை இடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

ராத்தாவின் புருஷன் போய் அலவாங்குக் கம்பியை எடுத்து வந்தார். மூடியின் விளிம்பில் கொடுத்துத் தள்ளினார். நான்கு பேர் சேர்ந்து கொண்டார்கள். மூடி பிளந்து விலகியது. மிளகுச் சாக்குக் கட்டும் நைலோன் கயிற்றை மூன்றாக முறுக்கி வாளியில் கட்டினார்கள். முதல் வாளியை அவரே இழுத்தார். வழுக்கும் கயிறு, கையை அறுக்கும். ஆண்கள் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றினார்கள். கால் மணி நேரத்தில் பெரிய பீப்பா நிறைந்துவிட்டது. காலையிலேயே இதைச் செய்திருக்கலாம். கார் இருக்கும்போது கயிறு யாருக்கு ஞாபகம் வரும்?

பாதி நிறையும்போதே நான் ட்ரான்ஸ்போமரைத் தூக்கிக் காருக்குள் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

அவர் கட்டிலில் முன்பக்கம் குனிந்து, தலையணையில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தார். குழாய் மூக்கில் இருந்தது. சிலிண்டரில் சத்தம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், இறுக்கி மூடியிருந்தது. நான் கேட்டைத் தாண்டியதுமே மூடியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் வேண்டுமே என்று மிச்சம் பிடித்தாராம். உதடு நீலம். நகம் நீலம். நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மில், தூசு, நான் தைத்த துணி, சோலார், ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தது, முப்பத்தைந்து வருடக் குப்பை எல்லாம் அந்த நேரத்தில் வாயால் வந்தது. கத்திக்கொண்டே சிலிண்டரைத் திறந்தேன், ஓடிப் போய்க் காரைக் குத்தினேன், மெஷினைப் போட்டேன். பிளக் இரண்டு முறை தவறியது. பச்சை லைட் வந்தபிறகுதான் வாயை மூடினேன். அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியைத் தூக்கினார். பேச மூச்சு போதவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினார்.

"மோட்டர்... ஓடிச்சா?"

நான் பாடம் எடுத்த காலத்தில் ஒரு பிள்ளைக்கும் இரக்கப்பட்டுப் பிழையைச் சரி என்று போட்டதில்லை. பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள், பெற்றோர் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். பிழை என்றால் பிழை.

"ஓடிச்சு," என்றேன். "ஒரே குத்துல எழும்பிச்சு. டாங்க் நெறஞ்சிட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் செல்லல்லியா," என்றார்.

உதடு பழைய நிறத்துக்கு வந்ததும், பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு நான் கீழே இறங்கினேன். ராத்தாவைக் குளிப்பாட்டும்போது கால் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியது நான். ஏதாவது மனம் நோக நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மய்யித்திடம் எல்லோரும் கேட்பது வழக்கம். நான் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. மூச்சு வாங்கும்போது ஏன் என்று கேட்காததிலிருந்து தொடங்க வேண்டும்.

திரையில் கடைசிக் கோடு நிற்கும்போது, ஒன்பதாம் நாள் கரன்ட் வந்தது. ரோடும் திறந்தது. ஆட்கள் இவரைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். வந்தவர்களிடமெல்லாம் மோட்டர் கதை. எங்கட கார்தான் மய்யித்துக்குத் தண்ணி எடுத்துக் குடுத்த, டீச்சர் ஓடாதென்டு சென்ன, ஒரே குத்துல எழும்பின. சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று தலையாட்ட வேண்டும். விஞ்ஞானம் படிப்பித்தவள், அயர்னுக்குச் செத்த கார் ஒரு குதிரைவலு மோட்டரை எழுப்பியது என்று தலையாட்டினேன். என் பொய்தான், என் கழுத்தில்தான் விழும். ஆனால் கயிறு இழுத்தவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வந்து சிரித்தால் போதும். எங்கள் ஒழுங்கையைப் பற்றித்தான் எனக்குத் தெரியுமே.

ஒரு கிழமை போனது, இரண்டு போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. அயர்ன்காரர் வந்தார், கதையைக் கேட்டார், அல்ஹம்துலில்லாஹ் என்றார். ப்ளெண்டர்காரி கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோதினார் கேட்டார், "நல்ல கார் ஹாஜியார்," என்றார். அவர்களாகவே பேசி வைத்துக்கொண்டார்களா, அன்று நான் கத்திய கத்தல் கீழ்வீடு வரை கேட்டதா, எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் என்னிடம் சொல்லவுமில்லை.

ராத்தாவுக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு இவரால் மேட்டை இறங்கி ஏற முடியாது என்று, ராத்தாவின் புருஷனே சோற்றுச் சஹன் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணீர் போடப் போனேன். போகும்போதே இவர் தொடங்கிவிட்டது கேட்டது. வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்த மனிதரிடமா? தன் கையால் மூடியைப் பிளந்து முதல் வாளியை இழுத்தவரிடமா? கேத்தலை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

"அன்னைக்கி தண்ணி பத்திச்சா?" என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார். "டாங்க் நெறஞ்சதுதானே?"

அவர் இவரைப் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். மடியில் இரண்டு கையும் மேல்நோக்கி விரிந்து கிடந்தன. உள்ளங்கை இரண்டிலும் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு, புதுத் தோல் இன்னும் சிவந்திருந்தது. கையை மெதுவாகத் திருப்பி முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"நெறஞ்சிச்சு ஹாஜியார்," என்றார். "ஒங்கட கார் தண்ணிதான் அவவுக்கு ஊத்தின."